36 மணி நேரப் பணி: ஏட்டில் உறங்கும் 12 மணி நேர வரம்பு

புது தில்லி: தில்லி அரவிந்தர் சாலையின் ஒரு பக்கம் எய்ம்ஸ், மறுபக்கம் சஃப்தர்ஜங் மருத்துவமனை. உத்தரப் பிரதேசம், பிகார், ஜார்க்கண்ட் என வட மாநிலங்களின் மூலைமுடுக்குகளிலிருந்து ரயிலேறி வரும் நோயாளிகளும் உறவினர்களும் இவ்விரு வளாகங்களைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவைக் கழிப்பது தலைநகரவாசிகள் அனைவரும் அறிந்த காட்சி. வெளியே காத்திருப்பவர்களின் துயரம் அவ்வப்போது நாளேடுகளில் இடம்பெறுகிறது. மருத்துவமனைகளின் உள்ளே விழித்திருப்பவர்களின் நிலையோ, விபரீதம் ஏதேனும் நேரும்போதுதான் பேசப்படுகிறது.

நாட்டின் பெரிய அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இரவின் பாரத்தைச் சுமப்பவர்கள் உறைவிட மருத்துவர்களும் செவிலியர்களும்தான். எம்.பி.பி.எஸ். முடித்து, எம்.டி. அல்லது எம்.எஸ். படித்துக்கொண்டே நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பவர்கள் இளநிலை உறைவிட மருத்துவர்கள். இவர்களில் ஒருவரது அவசரப் பணி நாள் பெரும்பாலும் இப்படித்தான் அமைகிறது: காலை 8 மணிக்கு முன்பே வார்டுக்கு வந்து பேராசிரியருடன் நோயாளிகளைப் பார்வையிடுகிறார். பிறகு புறநோயாளிகள் பிரிவு, மாலையில் மீண்டும் வார்டு, இரவு முழுவதும் அவசரச் சிகிச்சைப் பிரிவு. பொழுது விடிந்ததும் அவர் விடுதிக்குத் திரும்புவதில்லை. இரவில் சேர்க்கப்பட்ட நோயாளிகளின் நிலையைப் பேராசிரியரிடம் விவரிக்க வேண்டியவரும், அவர்களுக்கான பரிசோதனைகளுக்கு ஏற்பாடு செய்ய வேண்டியவரும் அவரே. மாலையில் அவர் அறைக்குத் திரும்பும்போது 36 மணி நேரம் கடந்துவிட்டிருக்கும். மறுநாள் காலை 8 மணிக்கு மீண்டும் வார்டு.

இது விதிமீறல் என்பதுதான் பலருக்கும் தெரியாத செய்தி. உறைவிட மருத்துவர்கள் தொடர்ச்சியாக எத்தனை மணி நேரம் பணியாற்றலாம் என்பதற்கு மத்திய அரசின் உத்தரவு ஒன்று முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இருக்கிறது. அதில் குறிப்பிடப்பட்டுள்ள எண் 36 அல்ல, 12.

1992 உத்தரவும் அதன் வாசலும்: நாடு முழுவதற்கும் ஒரே சீரான உறைவிட மருத்துவ முறை வேண்டும் என்று 1980-களில் எழுந்த கோரிக்கைகளின் தொடர்ச்சியாக, 1992 ஜூன் 5-ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் உத்தரவு ஒன்றைப் பிறப்பித்தது. உறைவிட மருத்துவர்களின் தொடர் பணி வழக்கமாக நாளொன்றுக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. சுழற்சி முறையில் வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை அளிக்கப்பட வேண்டும். இளநிலை உறைவிட மருத்துவர்கள் சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி நேரம் பணியாற்றினால் போதும் என்று அந்த உத்தரவு கூறியது.

அதே உத்தரவில் ஒரு வாசலும் திறந்து வைக்கப்பட்டிருந்தது. பணி நேரம் நெகிழ்வானது என்றும், பணிச்சுமையையும் மருத்துவர்களின் எண்ணிக்கையையும் கருத்தில்கொண்டு அந்தந்த மருத்துவமனையின் மருத்துவக் கண்காணிப்பாளர் அதை முடிவு செய்யலாம் என்றும் அது அனுமதித்தது. பணிச்சுமை எக்காலமும் அதிகம். மருத்துவர்களின் எண்ணிக்கை எக்காலமும் குறைவு. எனவே விதிவிலக்கே விதியானதில் வியப்பில்லை.

மற்றத் தொழில்களுடன் ஒப்பிட்டால் இந்த முரண் விளங்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தொழிலாளியின் பணி நேரத்தை நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி என வரையறுத்தது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டிப்பு ஊதியம் தர வேண்டும் என்றது. பேருந்து, லாரி ஓட்டுநர்களுக்காக 1961-இல் இயற்றப்பட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்ற வரம்பை வகுத்தது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இவ்விரு சட்டங்களும் இணைக்கப்பட்டுவிட்டன. எனினும், உழைப்புக்கு உச்சவரம்பு வேண்டும் என்ற கோட்பாடு தொடர்கிறது. உறைவிட மருத்துவரோ பாதி மாணவர், பாதி ஊழியர். வேலை வாங்கும்போது அவர் முழுநேர ஊழியராகவும், உரிமை கோரும்போது பயிற்சி பெறும் மாணவராகவும் நடத்தப்படுகிறார்.

தேசிய மருத்துவ ஆணையம் 2023-இல் வெளியிட்ட முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை விதிகள் இந்த நிலையை மாற்றும் என எதிர்பார்க்கப்பட்டது. முதுநிலை மாணவர்கள் முழுநேர உறைவிட மருத்துவர்களாகப் பணியாற்றுவார்கள். அவர்களுக்கு நியாயமான பணி நேரமும், நாள்தோறும் நியாயமான ஓய்வு நேரமும் இருக்க வேண்டும் என்று அவ்விதிகள் கூறின. ஆண்டுக்கு 20 நாள்கள் ஊதியத்துடன் கூடிய தற்செயல் விடுப்பும், பணியின் அவசரத்துக்கு உட்பட்டு வார விடுமுறையும் உறுதி செய்யப்பட்டன. ஆனால், எத்தனை மணி நேரம் நியாயமானது என்பதை விதிகள் சொல்லவில்லை. 1992-இல் எண் இருந்தது. ஆனால் கட்டாயம் இல்லை. 2023-இல் எண்ணும் இல்லாமல் போனது.

கொல்கத்தா எழுப்பிய கேள்வி: 2024 ஆகஸ்ட் 9-ஆம் தேதி, கொல்கத்தா ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 31 வயதான முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டுக் கொலை செய்யப்பட்டார். நீண்ட தொடர் பணிக்கு நடுவே, இரவு உணவுக்குப் பின் சற்று ஓய்வெடுப்பதற்காக அவர் சென்ற இடம் கருத்தரங்கக் கூடம். அந்தக் கொடூரம் நாட்டை உலுக்கியது. குற்றவாளியைத் தண்டிக்க வேண்டும் என்ற முழக்கத்துக்கு இடையே இன்னொரு கேள்வியும் எழுந்தது: இரவெல்லாம் பணியாற்றும் பெண் மருத்துவர் தலைசாய்க்கத் தாழ்ப்பாளிட்ட ஓர் அறை ஏன் இல்லை?

இவ்விவகாரத்தைத் தாமாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்ட உச்ச நீதிமன்றம், 2024 ஆகஸ்ட் 20-ஆம் தேதி பிறப்பித்த உத்தரவில் இந்தக் கேள்வியைப் பதிவு செய்தது. இரவுப் பணியில் இருப்போருக்குப் போதிய ஓய்வறைகள் இல்லை. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைகள் அரிது. பயிற்சி மருத்துவர்கள் 36 மணி நேரம் பணியாற்ற வைக்கப்படுகிறார்கள். பணி முடிந்து இருப்பிடம் திரும்பப் பாதுகாப்பான வாகன வசதி இல்லை என்று அந்த உத்தரவு பட்டியலிட்டது. இரு நாள்களுக்குப் பின் நடந்த விசாரணையில், 36 மணி நேரம், 48 மணி நேரம் என நீளும் பணி மனிதத்தன்மையற்றது என அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அமர்வு கவலை தெரிவித்தது. நீதிமன்றம் அமைத்த தேசியப் பணிக் குழு, மருத்துவர்களின் பணி நேரத்தைச் சீரமைப்பது பற்றியும் ஆராய வேண்டும் என்றும் அமர்வு கேட்டுக்கொண்டது.

மேற்கு வங்க அரசு அந்த மாதத்தில் அறிவித்த பாதுகாப்பு நடவடிக்கைகளில் இரண்டு அம்சங்கள் சர்ச்சைக்குள்ளாயின. பெண் மருத்துவர்களின் பணி நேரம் 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்பது ஒன்று. இயன்றவரை அவர்களுக்கு இரவுப் பணியைத் தவிர்க்க வேண்டும் என்பது மற்றொன்று. செப்டம்பர் 17-ஆம் தேதி விசாரணையில் உச்ச நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. பெண்கள் கேட்பது சலுகையல்ல, சமவாய்ப்பு. பாதுகாப்பு அளிக்க வேண்டியது அரசின் கடமை என்று நீதிபதிகள் சுட்டிக்காட்டியதை அடுத்து, அந்த அம்சங்களை நீக்குவதாக மாநில அரசு ஒப்புக்கொண்டது.

இந்தச் சம்பவத்தில் மருத்துவத் துறையின் ஒரு பழைய போக்கு வெளிப்பட்டது. பணி நேரம் அனைவருக்குமான பிரச்னை என்று ஒப்புக்கொள்வதைவிட, அதைப் பெண்களின் பிரச்னையாகச் சுருக்குவது எளிது. 12 மணி நேரம் என்ற வரம்பு பெண்களுக்குத் தேவை என்றால், 1992 உத்தரவின்படி அது ஆண்களுக்கும் உரியதே.

அந்த ஆண்டு அக்டோபர் 5 முதல் 21 வரை கொல்கத்தாவில் உண்ணாவிரதம் இருந்த இளநிலை மருத்துவர்களின் கோரிக்கைகள், கொலை வழக்குடன் நிற்கவில்லை. காலியாக உள்ள மருத்துவர், செவிலியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். பணியில் இருப்போருக்கு ஓய்வறையும் கழிப்பறையும் வேண்டும் என்பனவும் அவற்றில் இடம்பெற்றிருந்தன.

48 எங்கே, 74 எங்கே? கொல்கத்தா சம்பவம் நிகழ்ந்த அதே ஆகஸ்ட் மாதத்தில், மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராயத் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக் குழுவின் அறிக்கை வெளிவந்தது. இணைய வழியில் நடத்தப்பட்ட அதன் ஆய்வில் 25,590 இளநிலை மாணவர்களும், 5,337 முதுநிலை மாணவர்களும், 7,035 ஆசிரியர்களும் பங்கேற்றனர். முதுநிலை மாணவர்களில் 45 சதவீதத்தினர் வாரத்துக்கு 60 மணி நேரத்துக்கு மேல் பணியாற்றுவதாகத் தெரிவித்தனர். 56 சதவீதத்தினர் வார விடுமுறை முறையாகக் கிடைப்பதில்லை என்றனர். தற்கொலை எண்ணம் தோன்றியதாகக் கூறிய முதுநிலை மாணவர்கள் 31 சதவீதம். பணி நேரம் மட்டுமே இதற்குக் காரணம் என்று கூறிவிட முடியாது. தேர்வு, கல்விக் கட்டணக் கடன், மேலதிகாரிகளின் கடுமை, ஒத்திவைக்கப்படும் திருமணம் எனப் பலவும் சேர்ந்தே ஒருவரை அழுத்துகின்றன. ஆனால், இவற்றைத் தாங்கிக்கொள்ளத் தேவையான தூக்கத்தையும், மனம்விட்டுப் பேசத் தேவையான பொழுதையும் பறிப்பது பணி நேரமே.

அந்தக் குழு முன்வைத்த தீர்வு, வாரத்துக்கு அதிகபட்சம் 74 மணி நேரம் என்பது. ஒரு நாள் 24 மணி நேரப் பணி, ஐந்து நாள்கள் தலா 10 மணி நேரம், ஒரு நாள் விடுமுறை என்பது அதன் கணக்கு. நாளொன்றுக்கு 7 முதல் 8 மணி நேரத் தூக்கம் அவசியம் என்றும் குழு கூறியது. இப்போதுள்ள நிலையில் 74 மணி நேரம் கிடைத்தாலே பெரிது எனக் கருதும் மருத்துவர்கள் உண்டு. ஆனாலும், 1992-இல் அரசே ஏற்றுக்கொண்ட அளவைவிட இது 26 மணி நேரம் அதிகம் என்பது கவனிக்கத்தக்கது. முப்பது ஆண்டுகளில் இலக்கு முன்னோக்கி நகரவில்லை. நடைமுறையைத் துரத்திக்கொண்டு பின்னோக்கி நகர்ந்திருக்கிறது.

செவிலியரின் 6-6-12: மருத்துவரின் சிரமம் நீண்ட பணி என்றால், செவிலியரின் சிரமம் இடம் மாறிக்கொண்டே இருக்கும் பணி. எய்ம்ஸ் உள்ளிட்ட மருத்துவமனைகளில் காலை 8 முதல் பிற்பகல் 2 வரை, பிற்பகல் 2 முதல் இரவு 8 வரை, இரவு 8 முதல் மறுநாள் காலை 8 வரை என்ற 6-6-12 முறை பழக்கத்தில் உள்ளது. காகிதத்தில் பார்த்தால் பகல் பணி வெறும் 6 மணி நேரம்தான். ஆனால், ஒவ்வொரு நோயாளியின் நிலையையும் அடுத்து வருபவரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுவதற்கு முக்கால் மணி, வீடு போய்ச் சேர ஒரு மணி எனக் கணக்கு நீள்கிறது. மாலைப் பணி முடிபவர் வீடு சேரும்போது பள்ளி செல்லும் குழந்தை உறங்கிவிடுகிறது. இரவுப் பணி முடிந்து காலையில் திரும்புபவர் கதவைத் திறக்கும்போது குழந்தை பள்ளிக்குப் புறப்பட்டுவிடுகிறது.

தலைநகரின் மருத்துவமனைகளில் பணியாற்றும் செவிலியரில் கணிசமானோர் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். ராஜஸ்தானிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வருவோரும் பலர். மாமியாரோ தாயாரோ அருகில் இல்லாத ஊரில், கணவன், மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டில், அடுத்த வாரப் பணி அட்டவணை ஒட்டப்படும் நாள்தான் குடும்பத்தின் முக்கிய நாள். குழந்தையை யார் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, காய்ச்சல் வந்தால் யார் விடுப்பு எடுப்பது, ஊரில் நடக்கும் திருமணத்துக்கு ரயில் டிக்கெட் எடுக்கலாமா, வேண்டாமா என அனைத்தையும் அந்த ஒற்றைத் தாள் தீர்மானிக்கிறது. அட்டவணை கடைசி நேரத்தில் மாறினால் வீட்டின் ஏற்பாடுகளும் சரிகின்றன. பகலில் உறங்க வேண்டியவருக்கு ஓர் அறை கொண்ட வாடகை வீட்டில் அமைதி கிடைப்பதில்லை. பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் அவள் வேலைக்குத் தயாராக இருக்கிறாள் என்றே குடும்பமும் அக்கம்பக்கமும் எடுத்துக்கொள்கின்றன.

செவிலியர் விஷயத்திலும் பழைய காகிதம் ஒன்று இருக்கிறது. செவிலியர் பணியின் நிலையை ஆராய 1987-இல் மத்திய அரசு உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்தது. அதன் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த சமூக சேவகரும், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் புதல்வியுமான சரோஜினி வரதப்பன். செவிலியரின் பணி நேரத்தை வாரத்துக்கு 40 மணியாகக் குறைக்க வேண்டும். காலையில் சில மணி நேரம், மாலையில் மீண்டும் சில மணி நேரம் என்று ஒரே நாளை இரண்டாக உடைக்கும் முறையைக் கைவிட்டு, எல்லா மாநிலங்களிலும் ஒரே தொடர்ச்சியான பணிமுறை வேண்டும். கூடுதல் நேரத்துக்கு மாற்று விடுப்போ, ஊதியமோ தர வேண்டும் என்று 1989-இல் அக்குழு பரிந்துரைத்தது.

தனியார் மருத்துவமனைகளின் கதை வேறு. 2016 ஜனவரி 29-ஆம் தேதி இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி அமைக்கப்பட்ட மத்தியக் குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசு செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைகளுக்குக் குறைவான சிறிய மருத்துவமனைகளில்கூட மாதம் ரூ. 20,000-க்குக் குறையாத ஊதியமும் பரிந்துரைத்தது. விடுப்பு, பணி நேரம், போக்குவரத்து வசதி ஆகியவையும் அரசு செவிலியருக்கு இணையாக இருக்க வேண்டும் என்றது அக்குழு. தில்லி அரசு 2018-இல் இதைச் செயல்படுத்த உத்தரவிட்டபோது, தனியார் மருத்துவமனைகள் நீதிமன்றத்தை நாடின. 2019-இல் தில்லி உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. இந்த நெடிய போராட்டத்தில் ஊதியம் பற்றிய விவாதமே முன்னால் நின்றது. பணி நேரம் பின்வரிசைக்குப் போனது.

கரோனா காலத்தில் அது முன்வரிசைக்கு வந்தது. 2020 ஜூன் மாதம் எய்ம்ஸ் செவிலியர்கள் நடத்திய போராட்டத்தின் முக்கியக் கோரிக்கை ஊதிய உயர்வு அல்ல. முழு உடல் பாதுகாப்புக் கவச உடைக்குள் 4 மணி நேரத்துக்கு மேல் இருக்க வைக்காதீர்கள் என்பதுதான். அந்த உடையை அணிந்த பின் தண்ணீர் குடிக்கவோ, கழிப்பறைக்குச் செல்லவோ வழியில்லை. தில்லியின் ஜூன் மாத வெயிலில் அதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

தூக்கமின்மையின் விலை: பணி நேரம் குறித்த விவாதத்தை ஊழியர் நலன் சார்ந்த கோரிக்கையாக மட்டும் பார்ப்பது தவறு. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது கலந்தவரின் செயல்திறனுக்கு ஒப்பாகக் குறைகிறது என்று 1997-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். இந்தியாவில் வாகனம் ஓட்டுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராம், அதாவது 0.03 சதவீதம் மட்டுமே. சாலையில் கார் ஓட்டத் தகுதியற்ற நிலைக்கு ஒப்பான நிலையில் உள்ள ஒருவர்தான், பச்சிளம் குழந்தைக்கான மருந்தின் அளவைக் கணக்கிடுகிறார்.

2004-இல் அமெரிக்காவில் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடத்தப்பட்ட ஆய்வில், 24 மணி நேரமும் அதற்கு மேலும் நீளும் பழைய பணிமுறையில் பயிற்சி மருத்துவர்கள் இழைத்த கடுமையான தவறுகள், நேரம் குறைக்கப்பட்ட பணிமுறையில் நிகழ்ந்தவற்றைவிட 36 சதவீதம் அதிகமாக இருந்தன. இரவுப் பணியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2007-இல் சேர்த்தது. 2019-இல் அதை உறுதி செய்தது. ஆக, நீண்ட பணியின் விலையை நோயாளியும் தருகிறார். அவரைக் கவனிப்பவரும் தருகிறார்.

நியூயார்க்கில் 1984-இல் லிப்பி சயான் என்ற 18 வயதுப் பெண், மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்ட சில மணி நேரத்தில் உயிரிழந்தார். களைத்துப்போன பயிற்சி மருத்துவர்களின் நீண்ட பணி நேரம் குறித்து அப்போது எழுந்த விவாதத்தால், 1989-இல் அந்த மாகாணம் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டு வந்தது. 2003-இல் அது அமெரிக்கா முழுவதும் விரிவானது. ஐரோப்பிய நாடுகளில் 2009 முதல் பயிற்சி மருத்துவர்களுக்கும் வாரத்துக்குச் சராசரி 48 மணி நேரம் என்ற வரம்பு பொருந்துகிறது.

மாற்றுக் கருத்து: நீண்ட பணிக்கு ஆதரவான வாதங்களும் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. ஒரு நோய் எப்படித் தொடங்கி, முற்றி, தணிகிறது என்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் மருத்துவம் கைவரும் என்பது மூத்த பேராசிரியர்கள் பலரின் கருத்து. பணி நேரத்தைத் துண்டாக்கினால் நோயாளி கைமாறும் தருணங்கள் அதிகரிக்கும்; கைமாறும்போது தகவல்கள் விடுபடும். அறுவைச் சிகிச்சைத் துறைகளில் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், வாரத்துக்கு 80 மணி என்ற வரம்புக்குள் தினசரி நேரத்தைத் தளர்த்தியதால் நோயாளிகளுக்குப் பாதிப்பு கூடவில்லை எனத் தெரியவந்தது. செவிலியரிலும் 12 மணி நேரப் பணியை விரும்புவோர் உண்டு. வாரத்தில் போய்வரும் நாள்கள் குறையும், சேர்ந்தாற்போல் இரண்டு நாள் வீட்டில் இருக்கலாம் என்பது அவர்களது கணக்கு.

ஆயினும், இந்த வாதங்கள் எல்லாம் ஏதோ ஒரு வரம்புக்குள் நின்று பேசுபவை. தளர்த்தலாமா, இறுக்கலாமா என்று அங்கே விவாதிக்கிறார்கள். இங்கே வரம்பு ஏட்டளவில் இருக்க, நடைமுறையில் எத்தனை மணி நேரம் என்பதை எண்ணுவாரே இல்லை.

மறைந்திருக்கும் பற்றாக்குறை: எண்ணினால் என்ன தெரியவரும் என்பதை 2021-ஆம் ஆண்டு ஓரளவு காட்டியது. கரோனாவால் தள்ளிப்போன முதுநிலை நீட் தேர்வு அந்த ஆண்டு செப்டம்பர் 11-இல் நடைபெற்றது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான ரூ. 8 லட்சம் வருமான வரம்பு தொடர்பான வழக்கால் கலந்தாய்வு மேலும் தாமதமானது. மூன்றாண்டுப் படிப்பில் ஒரு முழு ஆண்டின் மாணவர்கள் வராததால், மூவர் செய்ய வேண்டிய வேலை இருவர் தலையில் விழுந்தது. நவம்பர் முதல் தில்லியில் உறைவிட மருத்துவர்கள் போராட்டத்தில் இறங்கினர். டிசம்பர் 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நோக்கிப் பேரணி சென்ற மருத்துவர்களுக்கும் போலீஸாருக்கும் மோதல் ஏற்பட்டது. 2022 ஜனவரி 7-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் கலந்தாய்வுக்கு அனுமதி அளித்த பிறகே சிக்கல் தீர்ந்தது.

ஒரு தேர்வு தள்ளிப்போனால் தலைநகரின் மருத்துவமனைகள் தள்ளாடுகின்றன என்றால், அவை மாணவர்களின் உழைப்பையே தூணாகக் கொண்டு நிற்கின்றன என்பது பொருள். நாட்டில் முதுநிலை மருத்துவ இடங்கள் 2014-இல் 31,185-ஆக இருந்தன. 2024-இல் 73 ஆயிரத்தைத் தாண்டின. பத்தாண்டுகளில் இடங்கள் இரு மடங்குக்கு மேல் உயர்ந்த பின்னரும் 36 மணி நேரப் பணி மறையவில்லை. மாணவர் இடங்களைக் கூட்டுவது வேறு. நிரந்தர மருத்துவர், செவிலியர், ஆய்வகப் பணியாளர் பணியிடங்களை உருவாக்கி நிரப்புவது வேறு. ரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டு செல்ல ஊழியர் இல்லாத மருத்துவமனையில், அதைக் கையில் ஏந்தி ஓடுபவரும் உறைவிட மருத்துவரே. செவிலியர் விஷயத்தில், மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் 3 நோயாளிகளுக்கு ஒருவர், பொது மருத்துவமனைகளில் 5 நோயாளிகளுக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் விதி. விடுப்பில் செல்வோருக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதல் பணியிடங்கள் வேண்டும் என்றும் அது கூறுகிறது. பொது வார்டில் ஒரே இரவில் ஒரு செவிலியர் எத்தனை படுக்கைகளைக் கவனிக்கிறார் என்பதை, அங்கு உறவினரைச் சேர்த்த எவரும் அறிவர்.

இவ்விஷயத்தில் விமானத் துறை ஒரு பாடம். விமானிகளின் ஓய்வு நேரத்தை அதிகரிக்கும் விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. போதிய விமானிகளைத் தயார்ப்படுத்தாத நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனம், டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்ய நேர்ந்தது. நிறுவனத்துக்குத் தாற்காலிக விலக்கு அளிக்கப்பட்டதும், அது கண்டனத்துக்கு உள்ளானதும் அனைவரும் அறிந்ததே. ஆள் பற்றாக்குறை அங்கே ஒரு வாரத்தில் நாட்டுக்கே தெரிந்தது, நாடாளுமன்றத்தில் ஒலித்தது. மருத்துவமனையில் அப்படி எதுவும் ரத்தாவதில்லை. இல்லாத ஊழியரின் நேரத்தை, இருக்கும் ஊழியரின் தூக்கத்திலிருந்தும் குடும்பத்திலிருந்தும் எடுத்து ஈடுகட்டிவிடுகிறார்கள். அதனால் பற்றாக்குறை எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை. எந்த நிதியமைச்சரின் மேசைக்கும் போவதில்லை.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் புதிய ஆராய்ச்சி தேவையில்லை. வருகையைப் பதிவு செய்யும் கருவி, இன்று மருத்துவக் கல்லூரிகளில் ஆசிரியர்கள் வந்தார்களா என்பதைச் சரிபார்க்கப் பயன்படுகிறது. அதே கருவி, உறைவிட மருத்துவர் எப்போது வெளியேறினார் என்பதையும் பதிவு செய்ய முடியும். அந்தக் கணக்கை ஒவ்வொரு மருத்துவமனையும் மாதந்தோறும் வெளியிட வேண்டும். 12 மணி நேரத்தைத் தாண்டிய ஒவ்வொரு நேர்விலும் மருத்துவக் கண்காணிப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். கல்லூரியின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும்போது அந்தக் கணக்கையும் ஆணையம் பார்க்க வேண்டும். பணி அட்டவணையை ஒரு மாதம் முன்னதாகவே ஒட்டுவதற்கும், இரவுப் பணியில் இருப்போருக்குத் தாழ்ப்பாளிட்ட ஓர் அறை ஒதுக்குவதற்கும் பெரிய நிதி ஒதுக்கீடும் தேவையில்லை.

ஆனால், மணி நேரத்தைக் குறைத்தால் அந்த நேரத்தில் பணியாற்ற இன்னொருவர் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். 1989-இல் 40 மணி நேரம் என்று பரிந்துரைத்த குழுவும், 1992-இல் 48 மணி நேரம் என்று உத்தரவிட்ட அமைச்சகமும் அந்தச் செலவுக்கு வழி சொல்லவில்லை. அதனால் அந்தச் செலவை இன்றளவும், எய்ம்ஸ் முதல் மாவட்ட மருத்துவக் கல்லூரி வரை, இரவு 2 மணிக்கு விழித்திருப்பவர்கள் தங்கள் தூக்கத்தால் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள்.